பாடத்துக்கு வீடியோ வேணும், உரிமைச் சிக்கல் வேணாம்: எங்க தேடுறது, எப்படிச் சரிபார்க்கிறது?

இந்த எபிசோட் முழுக்க ஆசிரியர்களுக்கானது. பள்ளிக்கூடம், காலேஜ், டியூஷன் சென்டர், யூடியூப் சேனல், எங்க பாடம் எடுத்தாலும் சரி. நேயர்கள் கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "பாடத்துல ஒரு சின்ன வீடியோ சேர்க்கணும். எதை எடுத்தா பிரச்சினை வராது?" பேசினதுல சுத்தி வளைச்ச இடங்களை வெட்டி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுத்தா கொடுத்திருக்கோம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு குறிப்பு. ஒண்ணு, நான் வக்கீல் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். லைசன்ஸ் ஃபைலைப் படிக்காம அடுத்தவங்க கோடை எடுத்து ப்ராஜெக்ட்ல சேர்க்கக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல பாலபாடம். அந்தப் பழக்கத்தைத்தான் வீடியோவுக்கும் சொல்லப் போறேன். ரெண்டாவது, பேச்சுல நாம 'காப்புரிமை'ன்னு சொல்லிடுறோம், ஆனா பேட்டன்ட்டுக்கும் அதே சொல்தான் ஓடுது. குழப்பம் வேணாம்னு இங்க 'பதிப்புரிமை'ன்னே வெச்சுக்கிறேன்.

ஒரே பாடம், ரெண்டு வீடியோ

ஒரு உதாரணத்துல இருந்து போவோம். காத்து இல்லாத இடத்துல கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே நேரத்துல தரையைத் தொடும். இயற்பியல் வகுப்புல இதைச் சொன்னா பசங்க தலையாட்டுவாங்க, ஆனா நம்ப மாட்டாங்க. காட்டணும்.

இதுக்கு யூடியூப்ல தேடினா முதல்ல கண்ணுல படுறது பிபிசி வீடியோ. 2014-ல் வந்த 'ஹியூமன் யுனிவர்ஸ்' தொடருக்காக இயற்பியலாளர் பிரையன் காக்ஸ், அமெரிக்காவின் ஓஹையோவில் நாசாவுக்குச் சொந்தமான பிரம்மாண்டமான வெற்றிட அறைக்குள்ள பௌலிங் பந்தையும் இறகுகளையும் சேர்த்து விழ வைப்பார். ரொம்ப அழகா எடுத்திருப்பாங்க. ஆனா அறைதான் நாசாவோடது, நிகழ்ச்சி பிபிசியோடது. அதை வெட்டி உங்க பாட வீடியோவுல ஒட்டி யூடியூப்ல ஏத்தணும்னா பிபிசி அனுமதி வேணும்.

அதே பாடத்துக்கு இன்னொரு வீடியோவும் இருக்கு. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 பயணத்தின் கமாண்டர் டேவிட் ஸ்காட், நிலாவில் நின்னுக்கிட்டு ஒரு கையில சுத்தியலும் இன்னொரு கையில பருந்து இன இறகும் வெச்சு ஒரே நேரத்துல விட்டார். சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம். ரெண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டது. படம் கொஞ்சம் மங்கலா இருக்கும். ஆனா இது நாசா பதிவு. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியா உருவாக்குற படைப்புகளுக்கு அங்க பதிப்புரிமையே கிடையாது. வெட்டலாம், ஸ்லோமோஷன் ஆக்கலாம், தமிழ்ல குரல் கொடுக்கலாம், சேனல்ல போடலாம்.

இந்தச் சுதந்திரத்தால பாடம் எப்படி மாறுதுன்னு பாருங்க. ஸ்காட் கையை விட்ட உயரம் சுமார் 1.6 மீட்டர். நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. கணக்குப் போட்டா விழுற நேரம் சுமார் 1.4 வினாடி. பூமியில அதே உயரத்துக்கு 0.57 வினாடிதான். வீடியோவை இறக்கி எடிட்டர்ல போட்டு, ஒரு வினாடிக்கு 30 ஃப்ரேம்னு வெச்சு எண்ணச் சொன்னா, பசங்களே 40 ஃப்ரேம் பக்கத்துல எண்ணி நிலாவின் ஈர்ப்பைக் கண்டுபிடிச்சிருவாங்க. வெறுமனே பார்க்கிற வீடியோ இப்போ ஒரு ஆய்வகப் பயிற்சியாயிடுச்சு. இறக்கவும் மாத்தவும் உரிமை இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும்.

வகுப்புல காட்டுறது வேற, நெட்ல ஏத்துறது வேற

நிறைய பேர் தடுமாறுற இடம் இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் பிரிவு 52-ன்னு ஒண்ணு இருக்கு. எதெல்லாம் மீறல் ஆகாதுன்னு அதுல பட்டியல் போட்டிருக்காங்க. கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டுல ஒரு படத்தைத் திரையிடலாம், பார்வையாளர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், நிறுவனத்தோட தொடர்புள்ளவங்கன்னு இருந்தா போதும். கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும் இடம் இருக்கு.

இந்த 'கற்பித்தலின்போது' என்கிற சொல்லுக்கு எவ்வளவு தூரம் பொருள் கொள்ளலாம்னு ஒரு பெரிய வழக்கே நடந்தது. டெல்லி பல்கலைக்கழகத்துல பாடத்துக்குத் தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுத் தொகுப்பா கொடுத்ததை எதிர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டாங்க. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தல்னா வகுப்பறைக்குள்ள நடக்குறது மட்டும் கிடையாதுன்னு விரிவான பொருள் கொடுத்துச்சு.

ஆக, வகுப்புல ப்ரொஜெக்டர்ல அந்த பிபிசி வீடியோவைப் போட்டுக் காட்டுறதுக்குப் பெரிசா பயப்பட வேண்டியதில்ல. அதை உங்க பாடத்துக்குள்ள வெச்சு, உலகத்துல யார் வேணாலும் பார்க்கிற மாதிரி சேனல்ல ஏத்தும்போது கதை மாறுது. அப்போ பார்வையாளர் உங்க மாணவர்கள் மட்டும் இல்ல, மேடையும் அமெரிக்க நிறுவனத்தோடது. இந்தியச் சட்டத்தின் பிரிவு 52-ஐ யூடியூப்போட தானியங்கி சிஸ்டம் படிச்சுப் பார்க்கப் போறதில்ல.

பழைய படம்னா இலவசமா?

தமிழ்ல நமக்கு 'நாட்டுடைமை'ங்கிற சொல் பழக்கம். சென்னை மாகாண அரசு 1949-ல் பாரதியார் படைப்புகளோட உரிமையை வாங்கி, பின்னால எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. அரசு அப்படிச் செய்யலைன்னாலும், காலம் முடிஞ்சா ஒரு படைப்பு தானாகவே பொதுவுக்கு வந்துரும். ஆங்கிலத்துல இதைப் பப்ளிக் டொமைன்னு சொல்றாங்க.

இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில இருந்து 60 ஆண்டு. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கணக்குப்படி 2020 தொடக்கத்துல இருந்து இந்தியாவில் பட உரிமைக் காலம் முடிஞ்சது. ஆனா இதுல ரெண்டு கண்ணி இருக்கு. முதல் கண்ணி, படத்துக்குள்ள இருக்கிற பாட்டு, வசனம், இசைக்குத் தனிக் கணக்கு: படைச்சவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. ரெண்டாவது, அமெரிக்காவில் இந்த மாதிரி படங்களுக்கு வெளியான ஆண்டுல இருந்து 95 ஆண்டு வரைக்கும் பாதுகாப்பு இருக்கு. அப்படிப் பார்த்தா அங்க 2054 முடிவு வரைக்கும் போகும். நம்ம ஊர்ல பொதுச்சொத்து, யூடியூப் இருக்கிற ஊர்ல இன்னும் தனிச்சொத்து.

மூணாவதா ஒரு கண்ணியும் உண்டு: இசை. ஜார்ஜ் மெலியஸ் 1902-ல் எடுத்த நிலாப் பயணப் படம் பொதுவுடைமைதான். ஆனா 2011-ல் வண்ணத்தோட புதுப்பிச்சு வெளியிட்ட பதிப்புக்கு 'ஏர்'ங்கிற பிரெஞ்சு இசைக் குழு புதுசா இசை போட்டிருக்காங்க. அந்த இசை புதுச் சொத்து. மௌனப் படம் எடுக்கிறீங்கன்னா ஒலியை நீக்கிட்டு நீங்களே பேசுங்க, வம்பே இல்ல.

கிரியேட்டிவ் காமன்ஸ்: நாலு குறியீடு தெரிஞ்சா போதும்

காலம் முடியக் காத்திருக்காம, படைச்சவங்களே "எடுத்துக்கோங்க, இந்த நிபந்தனை மட்டும்"னு சொல்றதுக்கு 2002-ல் இருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கு. மொத்தம் ஆறு உரிமம், ஆனா நாலு குறியீட்டோட சேர்க்கைதான் எல்லாமே.

'பை'ன்னா படைச்சவர் பேரைச் சொல்லணும். 'எஸ்ஏ'ன்னா நீங்க மாத்தி உருவாக்குறதையும் அதே உரிமத்துல கொடுக்கணும். கோட் எழுதுறவங்களுக்கு ஜிபிஎல் மாதிரின்னு சொன்னா புரியும். 'என்சி'ன்னா வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'என்டி'ன்னா மாத்தி வெளியிடக் கூடாது.

இதுல ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது கடைசி ரெண்டும்தான். என்டி வீடியோவுக்குத் தமிழ்ல குரல் மாத்தி வெளியிட்டா, அது மாத்தின படைப்பு. கூடாது. தமிழ்ல பாடம் எடுக்கிற நமக்கு என்டி கிட்டத்தட்ட பூட்டின கதவு. என்சி வீடியோவை அரசுப் பள்ளி வகுப்புல காட்டலாம். ஆனா விளம்பர வருமானம் வர்ற சேனல்லயோ, ஃபீஸ் வாங்குற கோர்ஸ்லயோ சேர்க்காதீங்க. எம்ஐடியின் ஓப்பன் கோர்ஸ்வேர் பாடங்கள் எல்லாருக்கும் தெரியும், உரிமம் பை-என்சி-எஸ்ஏ. இலவசமா பார்க்கக் கிடைக்குதுங்கிறதால காசு வாங்குற கோர்ஸுக்கும் ஆகும்னு அர்த்தம் இல்ல.

இது போக 'சிசி ஸீரோ'ன்னு ஒண்ணு இருக்கு. "எனக்கு எந்த உரிமையும் வேணாம்"னு படைச்சவரே விட்டுக்கொடுக்கிறது.

எங்க தேடுறது?

என் வரிசை இது.

முதல் இடம், விக்கிமீடியா காமன்ஸ். தமிழ்ல பொதுவகம்னு சொல்றாங்க. 2004-ல் தொடங்கினது. என்சி, என்டி உரிமங்களை இங்க ஏத்துக்கிறதே இல்ல, அதனால பாதி வடிகட்டல் நமக்கு முன்னாடியே முடிஞ்சிருது. தேடும்போது வீடியோங்கிற டேப்பை அழுத்துங்க. தமிழ்ல கிடைக்கலைன்னா ஆங்கிலப் பேர், உயிரியல்னா அறிவியல் பேர் கொடுத்துத் தேடுங்க. ஃபைல் பெரும்பாலும் வெப்எம் வடிவத்துல வரும், விஎல்சி ப்ளேயர்ல ஓடும். எடிட் பண்ண கெடென்லைவ், ஷாட்கட் மாதிரி இலவச மென்பொருள் போதும்.

அதிகம் பேருக்குத் தெரியாத புதையல் ஒண்ணும் இங்க இருக்கு. ப்ளாஸ் மாதிரியான திறந்த ஆய்விதழ்கள்ல கட்டுரையோட இணைப்பா விஞ்ஞானிகள் எடுத்த வீடியோ வரும். செல் பிரியுறது, பூச்சி நடக்கிறது, பாக்டீரியா நகர்றது மாதிரி. ப்ளாஸ் கட்டுரைகள் சிசி பை உரிமத்துல வர்றதால, அந்த வீடியோக்கள் ஆயிரக்கணக்குல காமன்ஸுக்கு வந்திருக்கு. பாடப்புத்தகப் படத்தை விட இது உயிரோட்டமா இருக்கும்.

ரெண்டாவது, அமெரிக்க அரசு அறிவியல் நிறுவனங்கள். விண்வெளிக்கு நாசா. எரிமலை, நிலநடுக்கத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்: ஹவாயில் 2018-ல் கிலாவியா எரிமலைக் குழம்பு ஓடினதை அவங்க எடுத்த வீடியோக்கள் புவியியல் பாடத்துக்கு அப்படியே பொருந்தும். ஆழ்கடலுக்கு நோவா. ஆனா இங்கயும் ஒரு கண் வெச்சுக்கணும். நாசா வீடியோக்குள்ள வெளியாட்கள் போட்ட இசையோ காட்சியோ இருக்கலாம். நாசா சின்னத்தை உங்க தம்ப்நெயில்ல போட்டு, அவங்களே உங்களை ஆதரிக்கிற மாதிரி காட்டக் கூடாது. இன்னொண்ணு, இந்திய அரசுப் படைப்புகளுக்கு இந்த விதி கிடையாது. இங்க அரசுக்கும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. நாசா வீடியோ மாதிரிதானேன்னு இஸ்ரோ வீடியோவை எடுக்காதீங்க, அந்தத் தளத்தோட உரிமைக் குறிப்பைப் படிச்சுட்டு எடுங்க.

மூணாவது, ஐரோப்பாவின் ஈஎஸ்ஓ வானாய்வகம். தளத்துல இருக்கிற படங்கள், வீடியோக்களைப் பொதுவா சிசி பை 4.0-ல் தர்றாங்க. வானியலுக்கு அருமை.

நாலாவது, கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவங்களுக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுட்டோரியல். கட்டற்ற மென்பொருள்கள் பத்தின சின்னச் சின்ன வீடியோப் பாடங்கள், தமிழ்க் குரலோடயே இருக்கு. உரிமம் பை-எஸ்ஏ.

அஞ்சாவது, இன்டர்நெட் ஆர்க்கைவ். அதுல ப்ரெலிங்கர் தொகுப்புன்னு இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்விப் படங்கள், விளம்பரப் படங்கள் நிறைய இருக்கு. வரலாறு, சமூகவியல் வகுப்புக்கு நல்லது. ஆனா இந்தத் தளத்துல யார் வேணாலும் எதையும் ஏத்தலாம். இங்க இருக்குங்கிறதே உரிமைக்கு அத்தாட்சி ஆகாது.

ஆறாவது, பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே. மழை, சாலை, கடல், கை எழுதுறது மாதிரி பொதுக் காட்சிகளுக்கு. இவங்க உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் இல்ல, சொந்த உரிமம். பேர் போடக் கட்டாயம் இல்ல, ஆனா அதை அப்படியே தனியா விக்கக் கூடாது.

கடைசியா யூடியூப். தேடினதும் ஃபில்டர்ல போய் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்க. ஆனா இதை ஏன் கடைசியில வெச்சேன்னா, அந்தக் குறி ஏத்தினவர் சொல்ற வார்த்தை மட்டும்தான். அடுத்தவங்க டாக்குமென்டரியை எடுத்துப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தினவங்க நிறைய பேர். தன்னோடது இல்லாத பொருளுக்கு யாரும் அனுமதி கொடுக்க முடியாது. போதாததுக்கு, டவுன்லோடர் வெச்சு இறக்குறது யூடியூப் விதிமுறைக்கு ஒத்து வராது. அதே வீடியோ காமன்ஸ்லயோ படைச்சவரோட சொந்தத் தளத்துலயோ இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கமென்ட்ல, மெயில்ல கேளுங்க. ஆசிரியர்னு சொல்லிக் கேட்டா நிறைய பேர் ஃபைலையே அனுப்புவாங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

ஒண்ணு, இதை உண்மையிலேயே எடுத்தவர் யார்? சேனல்ல ஒரே ஆள் எடுத்த மாதிரி தெரியுதா, இல்ல பத்து டிவி லோகோ தெரியுதா?

ரெண்டு, உரிமம் எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? 'ஃப்ரீ'ன்னு தலைப்புல போட்டிருந்தா அது உரிமம் இல்ல.

மூணு, உள்ள இருக்கிற இசை யாரோடது? சந்தேகம் வந்தா ஒலியை நீக்கிடுங்க.

நாலு, அடையாளம் தெரியுற மனுஷங்க இருக்காங்களா? பதிப்புரிமை தீர்ந்தாலும் அவங்க முகத்துக்கான மரியாதை தீராது. நோயாளி, குழந்தைன்னு வந்தா ரெண்டு தடவை யோசிங்க.

அஞ்சு, நான் என்ன செய்யப் போறேன்? காட்ட மட்டுமா, வெட்டி ஒட்டவா, காசு வர்ற இடத்துலயா?

அஞ்சுக்கும் பதில் கிடைச்சா, அந்த உரிமப் பக்கத்தை வேபேக் மெஷின்ல சேமிச்சு, லிங்கை ஒரு ஷீட்ல தேதியோட எழுதி வைங்க. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தா, நிபந்தனையை மதிக்கிறவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியாது. ஆனா ஏத்தினவர் நாளைக்குக் குறியை மாத்திட்டா, நீங்க எடுத்தப்போ என்ன இருந்துச்சுன்னு காட்ட இதுதான் சாட்சி.

பேர் போடுறதுக்கும் ஒரு எளிய வாய்ப்பாடு: தலைப்பு, எடுத்தவர், எங்க கிடைச்சது, என்ன உரிமம். நாலும் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கட்டும். மாத்தியிருந்தா "வெட்டி, தமிழ்க் குரல் சேர்த்தது"ன்னு ஒரு வரி.

சரியா செஞ்சும் க்ளெய்ம் வந்தா?

வரும். யூடியூப்போட கன்டென்ட் ஐடி, நிறுவனங்கள் கொடுத்த மாதிரிக் கோப்புகளோட உங்க வீடியோவை ஒப்பிட்டுப் பார்க்கிற மெஷின். டிவி செய்தியில நாசா காட்சி ஓடி, அந்தச் செய்தி மாதிரிக் கோப்பா போயிருந்தா, அதுக்கு நாசா காட்சியே திருட்டா தெரியும். கேலின்னு நினைக்காதீங்க. 2012 ஆகஸ்ட்ல கியூரியாசிட்டி ரோவர் செவ்வாயில் இறங்கின அன்னைக்கே, நாசாவோட சொந்தச் சேனல்ல இருந்த வீடியோ ஸ்க்ரிப்ஸ்ங்கிற செய்தி நிறுவனத்தோட க்ளெய்மால கொஞ்ச நேரம் முடங்குச்சு. 2014-ல் ப்ளெண்டர் அமைப்பு சிசி பை உரிமத்துல வெளியிட்ட 'சின்டெல்' அனிமேஷன் படம், சோனி பேர்ல வந்த க்ளெய்மால தடைபட்டு, பிறகு திரும்ப வந்துச்சு.

அதனால க்ளெய்ம் வந்ததும் வீடியோவை அழிக்காதீங்க. முதல்ல, அது க்ளெய்மா ஸ்ட்ரைக்கான்னு பாருங்க. க்ளெய்ம்னா பெரும்பாலும் விளம்பர வருமானம் அவங்களுக்குப் போகும், இல்ல வீடியோ சில இடத்துல தடைபடும். சேனலுக்கு ஆபத்து இல்ல. டிஸ்பியூட் போடலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். ஸ்ட்ரைக் அப்படி இல்ல. அது சட்டப்படியான நீக்கக் கோரிக்கை. 90 நாளைக்குள்ள மூணு சேர்ந்தா சேனலே போயிரும், பல வருஷமா ஏத்தின பாடமெல்லாம் அதோட போயிரும். பொதுத்தேர்வு நேரத்துல மாணவர்கள் லிங்கை அழுத்திட்டு வெறும் கறுப்புத் திரையைப் பார்ப்பாங்க. நீங்க சரியா எடுத்த வீடியோவுக்கு ஸ்ட்ரைக் வந்தா, எதிர் நோட்டீஸ் கொடுக்க வழி இருக்கு. அப்போ அந்த ஷீட்டும் வேபேக் லிங்கும்தான் உங்க கையிருப்பு.

எந்தச் சூழ்நிலையிலும் மூல ஃபைல்களை ஒரு ஹார்ட் டிஸ்க்ல வைங்க. யூடியூப் உங்க பீரோ இல்ல.

எடுத்துக்கிட்டே இருந்தா போதுமா?

காமன்ஸ்ல நிலாவில் சுத்தியல் விழுறது இருக்கு, ஹவாய் எரிமலை இருக்கு. நம்ம ஊர்ல நாத்து நடுறது, ஏரி மதகு திறக்குறது, உப்பளத்துல உப்பு வார்றது, தறியில பாவு ஓடுறது, இதெல்லாம் தமிழ் விளக்கத்தோட தேடினா அள்ளுற அளவுக்குக் கிடைக்காது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நீர்ப்பாசனம் சொல்லிக் கொடுக்க வெளிநாட்டு வயலைக் காட்ட வேண்டியதில்ல. உங்க ஊர் மதகை நீங்களே போன்ல ரெண்டு நிமிஷம் எடுக்கலாம்.

எடுத்ததும் பை-எஸ்ஏ உரிமத்துல காமன்ஸ்ல ஏத்திடுங்க. எம்பி4 ஃபைலை அங்க நேரா வாங்க மாட்டாங்க, வெப்எம்-ஆ மாத்தித் தர்ற வீடியோ2காமன்ஸ்ங்கிற கருவி இருக்கு. வேலை செய்றவங்க முகம் தெரிஞ்சா கேட்டுட்டு எடுங்க, மாணவர்கள்னா பெற்றோர் சம்மதம் வாங்குங்க. பின்னணியில சினிமாப் பாட்டு ஓடாம பார்த்துக்கோங்க, இல்லைன்னா நீங்க எடுத்த வீடியோவுக்கும் க்ளெய்ம் வரும்.

நீங்க ஏத்தினா, வேற மாவட்டத்துல இருக்கிற டீச்சர் உங்க பேரைப் போட்டு அதைப் பயன்படுத்துவாங்க. அவங்க எடுத்த உப்பளம் உங்க வகுப்புக்கு வரும். இந்த வாரம் ஒரே ஒரு பாடம் எடுத்துக்கோங்க. அதுக்கு ஒரு வீடியோ தேடி, அந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த கேள்வி பதில் எபிசோட்ல பேசுவோம்.